கஞ்சமலை இரும்பும் சித்தம்பூண்டிக் கல்லும்

சேலம் சந்திப்புக்குப் பக்கத்திலேயே 'மேக்னசைட் ஜங்ஷன்' என்று ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. ஊர்ப் பெயரோ சாமி பெயரோ தலைவர் பெயரோ இல்லை. ஒரு கனிமத்தின் பெயர். சேலத்துக்காரர்களுக்கு அதில் வியப்பு ஒன்றும் கிடையாது. ஏற்காட்டு மலை அடிவாரத்தில் வெள்ளை வெள்ளையாகக் குவிந்து கிடக்கும் கல்மேடுகளைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். நிலவியல் படிக்கப் போன பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பழைய சேலம் மாவட்டம் அளவுக்கு இத்தனை விதமான பாறைகளை நெருக்கியடித்து வைத்திருக்கும் நிலப்பகுதி தமிழ்நாட்டில் வேறு இல்லை என்றே சொல்வேன். சேலத்துக்காரன் பெருமை என்று யாராவது சொன்னால் சரி, அதுவும் கொஞ்சம் இருக்கிறது.

பழைய சேலம் மாவட்டம் என்று சொல்லக் காரணம் உண்டு. 1965இல் தர்மபுரி பிரிந்தது. 1997இல் நாமக்கல் பிரிந்தது. 2004இல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. பாறைகளுக்கு இந்தக் கோடுகள் தெரியாது. நிலவியல் நூல்களில் 'சேலம் மாவட்டம்' என்று படித்துவிட்டுத் தேடினால் அந்த இடம் இன்று நாமக்கல்லில் இருக்கும்.

இந்தப் பகுதியை முதலில் முறையாக வரைபடமாக்கியவர்கள் வில்லியம் கிங், ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற இருவர். இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் 1864இல் அவர்களுடைய அறிக்கையை வெளியிட்டது. சேலம், திருச்சி, தஞ்சை, தென்னார்க்காடு மாவட்டங்களின் பகுதிகள் அதில் அடக்கம். ஃபூட்டைத் தொல்லியல்காரர்களும் சொந்தம் கொண்டாடுவார்கள். 1863இல் பல்லாவரத்தில் அவர் கண்டெடுத்த கற்கோடரிதான் இந்தியாவில் பழைய கற்கால ஆராய்ச்சியைத் தொடங்கிவைத்தது. நம்மூரோடு அவருக்கு இன்னொரு உறவும் இருந்தது. ஆறுமுக நாவலரை உடன் வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கிய பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகளைத்தான் அவர் மணந்தார். கடைசிக் காலத்தில் ஏற்காட்டிலேயே குடியேறினார்; அவருடைய நினைவிடம் அங்கே ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது. ஏற்காடு போகிறவர்கள் படகுத்துறைக்கும் பக்கோடா பாயின்டுக்கும் போய்விட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

பாறைகளுக்கு வருவோம். வரைபடத்தில் மிகப் பெரும் பரப்பைப் பிடித்திருப்பவை நைஸும் சார்னகைட்டும். இரண்டும் நம் வீட்டு அஸ்திவாரத்தில் இருக்கும் கருங்கல் வகைதான். சார்னகைட்டுக்கு அந்தப் பெயரை வைத்தவர் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக்கின் கல்லறைமேல் கிடந்த கல், சென்னைப் பக்கத்துப் பாறை என்று அவர் கண்டுகொண்டார். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை முழுக்க இந்தக் கல்தான். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, பூமிக்கடியில் இருபது முப்பது கிலோமீட்டர் ஆழத்தில், நீர் வற்றிய வெப்பத்தில் வெந்து உருமாறிய பாறை அது. அதற்கு மேலே இருந்ததெல்லாம் அரித்துப் போய், அந்த ஆழம் இன்று நாம் பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவு ஏறும் உயரத்துக்கு வந்திருக்கிறது.

இந்தப் பழைய தரையைப் பெரிய வெட்டுகள் சில குறுக்கே கடக்கின்றன. மோயாறு, பவானி, காவிரி, ஆத்தூர் என்று இன்று ஆறுகளும் பள்ளத்தாக்குகளும் போகும் வழிகள் பல, பாறைகள் ஒன்றையொன்று உரசி நகர்ந்த பெயர்ச்சி மண்டலங்களின் மேல்தான் இருக்கின்றன. இரண்டு நிலத்துண்டுகள் மோதி ஒட்டிய தழும்பு இது, நடுவே ஒரு கடல் இருந்து மூடிக்கொண்டது என்று ஒரு கட்சி. அப்படியெல்லாம் இல்லை, ஒரே நிலத்துக்குள் நடந்த முறுக்கல்தான் என்று இன்னொரு கட்சி. கருத்தரங்குகளில் இதற்காகக் குரல் உயர்வதைப் பார்த்திருக்கிறேன். எதுவானாலும், ஆழத்திலிருந்து பாறைக்குழம்பு மேலே வர அந்த வெட்டுகள் வழி கொடுத்தன. நம் ஊரின் விசித்திரமான கற்கள் பெரும்பாலும் அந்தக் கோடுகளை ஒட்டியே கிடக்கின்றன.

அப்புறம் கஞ்சமலை. சேலத்துக்கு மேற்கே தனியாகக் கிடக்கும் அந்த மலை, ஆயிரம் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான உயரம். அடிவாரத்தில் சித்தர் கோவில். அமாவாசைக்குக் கூட்டம் அலைமோதும். நிலவியல்காரன் கண்ணுக்கு அந்த மலை, பாறை அடுக்குகள் படகு வடிவில் உள்நோக்கி மடிந்து கிடக்கும் ஒரு மடிப்பு. அந்த அடுக்குகளில் சில இரும்பு. மாக்னடைட் என்ற இரும்புக் கனிமமும் குவார்ட்ஸும் கறுப்பும் வெளுப்பும் மாறிமாறி வரும் கோடுகளாக அடுக்கப்பட்ட கல். ஆதிகாலக் கடலின் அடியில் இரும்பும் சிலிகாவும் படிந்து, பிறகு வெந்து மடிந்த படிவு. ஓடையில் உருண்டு கிடக்கும் துண்டைக் கையில் எடுத்தால் அதன் கனம் அதிரவைக்கும். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் கப்பென்று பிடித்துக்கொள்ளும்.

இந்த இரும்பை வைத்து மக்கள் பல நூற்றாண்டுகள் பிழைத்திருக்கிறார்கள். மலையை உடைக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. மழை அரித்து ஓடையில் சேர்க்கும் கருமணலை அலசி எடுத்து, ஆளுயர மண் உலையில் கரியோடு போட்டுத் துருத்தி ஊதினால் இரும்பு. அந்த இரும்பைச் சிறு துண்டுகளாக்கி, களிமண் மூசைக்குள் ஆவாரங்கட்டையும் எருக்கிலையும் வைத்து மூடிச் சூடாக்கினால் உருக்கு. கட்டையும் இலையும் கரியாகி, இரும்புக்குள் கார்பனாக ஏறும். இதைப் பக்குவமாக எழுதி வைத்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர்.

ஹீத்தின் கதையை நம்மூரில் யாரும் சரியாகச் சொல்வதில்லை என்பது என் வருத்தம். கிழக்கிந்தியக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, 1830களில் பரங்கிப்பேட்டையில் ஐரோப்பிய முறையில் ஊது உலைகள் கட்டினார். தாதுவுக்குச் சேலம். கடலோரத்தில் உலை, மலையோரத்தில் தாது, நடுவே காவிரியும் கொள்ளிடமும். பரிசலில் ஏற்றித் தாதுவை அனுப்பினார்கள். இரும்பு அருமையாக வந்தது, இங்கிலாந்துக்குப் போனது, ஆனால் ஹீத்தின் இரும்புக் கம்பெனி ஓடவில்லை. காரணம் தாது இல்லை, விறகு. அந்த உலைகளுக்குக் கரி வேண்டும், கரிக்குக் காடு வேண்டும். பக்கத்துக் காடு தீரத் தீரக் கரி வரும் தூரம் கூடிக்கொண்டே போனது, விலையும் கூடியது. பிரிட்டனில் நிலக்கரியில் எரிந்த உலைகளோடு அது போட்டி போட முடியவில்லை. ஹீத் ஊர் திரும்பி, உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு முதலாளிகள் அந்த முறையால் கொழுத்தார்கள். அவருக்குக் கிடைத்தது வழக்குதான்.

தாது இருந்தது, எரிக்க எதுவும் இல்லை. இருபதாம் நூற்றாண்டிலும் இதே கதை வேறு உடையில் வந்தது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியையும் சேலத்துத் தாதுவையும் சேர்த்து இரும்பு உருக்கலாம் என்று அதிகாரிகளும் பொறியாளர்களும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். 1967இல் அண்ணா முதல்வரானதும் 'எழுச்சி நாள்' நடத்திக் கேட்ட திட்டங்களில் சேலம் உருக்காலையும் ஒன்று. 1970இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். ஆலை கஞ்சமலை அடிவாரத்திலேயே எழுந்தது. 1980களின் தொடக்கத்தில் அது ஓட ஆரம்பித்தபோது செய்தது என்ன தெரியுமா? வெளியிலிருந்து வந்த துருப்பிடிக்காத எஃகுச் சுருள்களை மெலிதாக உருட்டிக் கொடுத்தது. நம் சமையலறை எவர்சில்வர் தட்டு சேலத்து எஃகாக இருக்கலாம். கஞ்சமலை இரும்பு அதில் இல்லை.

யாரும் ஏமாற்றவில்லை. கஞ்சமலைத் தாதுவில் இரும்பு சுமார் 35 முதல் 40 சதவீதம். பெல்லாரியிலும் ஜார்க்கண்டிலும் கிடைக்கும் ஹேமடைட் என்ற இரும்புத் தாதுவில் 60 சதவீதத்துக்கு மேல். அதை வெட்டி அப்படியே உலையில் போடலாம். நம்முடையதை மாவாக அரைத்து, காந்தத்தால் பிரித்து, உருண்டை பிடித்துத்தான் போட முடியும். அரைக்க மின்சாரம், அலச நீர், கழிவைக் கொட்ட ஒரு பள்ளத்தாக்கு. கர்நாடகத்துக் குதிரேமுகத்தில் இதே மாதிரி மெலிந்த மாக்னடைட்டை அரைத்துக் கூழாக்கிக் குழாய் வழியாக மங்களூருக்கு அனுப்பினார்கள். காட்டையும் ஆற்றையும் காக்க உச்சநீதிமன்றம் இட்ட ஆணையால் 2005 முடிவில் அதுவும் நின்றது. கஞ்சமலையையும் திருவண்ணாமலைக் கவுத்தி மலையையும் வெட்டும் பேச்சு 2000களில் வந்தபோது ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். இன்றுவரை மலை மலையாகவே நிற்கிறது. 'சேலத்து மண்ணுக்கடியில் கோடிகோடியாய்ப் பணம் புதைந்திருக்கு' என்று வாட்ஸ்அப்பில் வரும் கணக்குகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். மொத்த டன்னைச் சந்தை விலையால் பெருக்கினால் போதுமா? அரைக்கும் செலவை யார் கழிப்பது?

கஞ்சமலைக்குப் பக்கத்திலேயே நேர்மாறான கதை ஒன்று நடந்தது. ஆங்கிலேயர்கள் அந்த இடத்தைச் 'சாக் ஹில்ஸ்' என்று அழைத்தார்கள், வெள்ளையாகத் தெரிந்ததால். சாக்பீஸ் வகைக் கல் அங்கே துளியும் இல்லை. அது மேக்னசைட், நம் மக்கள் வாயில் வெறும் வெள்ளைக்கல். பூமியின் ஆழத்திலிருந்து மேலே வந்த டியூனைட் என்ற பாறை, பெரும்பாலும் ஆலிவின் என்ற மெக்னீசியம் மிகுந்த கனிமத்தால் ஆனது. விரிசல்கள் வழியே கார்பன் டைஆக்சைடு கரைந்த நீர் இறங்கி, அந்த மெக்னீசியத்தைப் பிடித்து, விரிசல்களிலேயே மெக்னீசியம் கார்பனேட்டாக உறைந்துவிட்டது. சுரங்க விளிம்பில் நின்று பார்த்தால் பச்சையும் பழுப்பும் கலந்த சுவரில் வெள்ளை நரம்புகள் வலை பின்னியிருக்கும். சில நரம்புகள் நூல் கனம். சில, ஆள் படுக்கும் அகலம்.

வெள்ளைக்கல்லின் எடையில் பாதிக்கு மேல் கார்பன் டைஆக்சைடுதான். சூளையில் சுட்டால் அது காற்றோடு போய்விடும். மிஞ்சுவது மெக்னீசியம் ஆக்சைடு. இன்னும் கடுமையாக, 1500 டிகிரிக்கு மேல் சுட்டால், நீரோடும் காற்றோடும் பேச்சுவார்த்தையே வைத்துக்கொள்ளாத ஒரு பொருளாகிவிடும். அது உருக வேண்டுமானால் சுமார் 2800 டிகிரி வேண்டும். எஃகு உலைகளின் உள்சுவருக்கு அதைவிடப் பொருத்தமான செங்கல் கிடைப்பது அரிது. அதனால் நூறாண்டுக்கும் மேலாகச் சேலத்து வெள்ளைக்கல் நாட்டின் எஃகு ஆலைகளுக்குள் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறது. தன் இரும்பை உருக்க வழியில்லாத ஊர், அடுத்தவர் இரும்பை உருக்க உலைச்சுவர் கொடுத்தது.

என் பெரியப்பா அந்தக் குழிகளில் ஒன்றில் வேலை பார்த்தார். வெட்டிய கல்லை அப்படியே சூளைக்கு அனுப்ப முடியாது. ஒட்டியிருக்கும் டியூனைட்டையும் சிலிகாவையும் சுத்தியலால் தட்டித்தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். வரிசையாக உட்கார்ந்து அதைச் செய்தவர்களில் பெண்கள் நிறைய. ஒரு டன் வெள்ளைக்கல்லுக்குப் பல டன் கழிவுப்பாறை வரும். அந்தக் கழிவுதான் ஏற்காட்டு அடிவார மேடுகள். பின்னாளில் எஃகு ஆலைகள் டியூனைட்டையே கேட்க ஆரம்பித்தன, உலையில் கசடைப் பிரிக்க மெக்னீசியம் தரும் பொருளாக. பெரியப்பாவுக்கு இதில் பெரிய சிரிப்பு. "அன்னைக்கு லாரியில ஏத்திக் கொண்டுபோய்க் கொட்டுனோம். இன்னைக்கு கொட்டுனதையே லாரியில ஏத்தி விக்கிறாங்கப்பா" என்பார். சட்டமும் கூடவே ஒரு வேடிக்கை செய்தது. 2015இல் மத்திய அரசு 31 கனிமங்களைச் சிறு கனிமம் என்று அறிவித்த பட்டியலில் டியூனைட் இருந்தது, மேக்னசைட் இல்லை. ஒரே குழியில் வெள்ளை நரம்பு பெருங்கனிமம், அதைச் சுற்றிய பாறை சிறுகனிமம்.

மெக்னீசியம் மிகுந்த இந்தப் பாறைக் குடும்பத்துக்கு நம் அடுப்படியிலும் ஓர் உறவு உண்டு. அது நீரோடு சேர்ந்து மென்மையாக மாறினால் மாக்கல். சேலத்துக் கல்சட்டி அதில்தான் குடைகிறார்கள். வத்தக்குழம்புக்கு அதற்கு நிகர் கிடையாது; ஆனால் புதுச் சட்டியைப் பழக்காமல் அடுப்பில் வைத்தால் விண்டுவிடும்.

ஏற்காட்டு உச்சிக்குப் போனால் பாக்சைட். சார்னகைட்டை வெயிலும் மழையும் இலட்சக்கணக்கான ஆண்டுகள் கழுவி, சிலிகாவை இறக்கிவிட்டு, அலுமினியத்தையும் இரும்பையும் மட்டும் மேலே தங்கவிட்டதால் வந்த செம்மண்பாறைத் தொப்பி அது. தட்டையான மலையுச்சிகளில்தான் நிற்கும். சேர்வராயனிலும் கொல்லிமலையிலும் அப்படித்தான். அதை வளமாக்கியது மலை இல்லை, மேட்டூர். ஒரு டன் அலுமினியம் பிரிக்க ஏறக்குறைய 14,000 யூனிட் மின்சாரம் வேண்டும். 1934இல் முடிந்த மேட்டூர் அணையின் மின்சாரம் இருந்ததால் 1960களில் அங்கே அலுமினிய ஆலை வந்தது. மலையுச்சிகளிலிருந்து லாரிகள் இறங்கின. மின்கணக்கு கட்டுப்படியாகாமல் போனது. 2008இல் உருக்குக்கூடம் நின்றது. உச்சியில் மிச்சமிருக்கும் பாக்சைட் மறுபடி வெறும் செம்மண்பாறை. சங்ககிரிச் சுண்ணாம்புக்கல்லைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1963இல் சிமென்ட் ஆலை வந்தது, வெட்டினார்கள், அவ்வளவுதான். சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் இடையில் தலைதூக்கும் கிரானைட் குன்றுகள் சுமார் 55 கோடி ஆண்டு வயதுடையவை. இந்த வரைபடத்தில் அவை சின்னப் பிள்ளைகள்.

எனக்கு மிகப் பிடித்த கல், பரமத்தி வேலூர்ப் பக்கம், சித்தம்பூண்டியில் இருக்கிறது. அனார்த்தோசைட். வெளிறிய ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் ஏறக்குறைய முழுசாக நிறைந்த பாறை. பாறைக்குழம்பு மெதுவாக ஆறும்போது கனமான கனிமங்கள் கீழே படிய, இலேசானவை தனியே திரண்டு இப்படி ஆகும். அதற்குள் மெல்லிய பட்டைகளாகக் குரோமைட், அதாவது குரோமியத் தாது. அங்கங்கே சிவந்த குருந்தம். குருந்தம் வைரத்துக்கு அடுத்த கடினம். சாணைக்கு உதவும், மாணிக்கம் என்று விற்கும் தெளிவு கிடையாது. குரோமைட்டில் இரும்பும் அலுமினியமும் கூடுதல், ஆலைகள் விரும்பும் ரகம் இல்லை. பிளாட்டினம் வகை உலோகங்களின் தடயம் கண்டு புவியியல் ஆய்வு நிறுவனம் தேடியது. சுரங்கம் என்று சொல்லும்படி எதுவும் எழவில்லை. 1956இல் ஏ.பி. சுப்பிரமணியம் இந்தப் பாறைகளைப் பற்றி அமெரிக்க ஆய்விதழில் எழுதிய கட்டுரையை உலகமெங்கும் மேற்கோள் காட்டினார்கள். ஊரில் அது வெறும் கல்.

நிலாவின் வெளிர்ந்த மேட்டுநிலங்கள் அனார்த்தோசைட்டால் ஆனவை என்று அப்பல்லோ பயணங்கள் கொண்டுவந்த கற்கள் காட்டின. இஸ்ரோ ஊர்தியை நிலாவில் இறக்கி ஓட்டத் திட்டமிட்டபோது, ஒத்திகைக்கு நிலா மண் வேண்டியிருந்தது. வெளிநாட்டிலிருந்து டன்கணக்கில் வாங்கினால் செலவு கட்டாது. சித்தம்பூண்டி, குன்னமலைக் கற்களை எடுத்து, சேலம் பக்கத்துக் கிரஷர்களில் பொடித்து, பெங்களூருக்குக் கொண்டுபோனார்கள். பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறை இதில் துணை நின்றது. அந்தச் செயற்கை மண்ணுக்கு இஸ்ரோ காப்புரிமையும் பெற்றது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கியது. பிரக்யான் ஊர்தி அங்கே அளந்த மண் அனார்த்தோசைட் வகையோடு பொருந்துகிறது என்ற ஆய்வு அடுத்த ஆண்டு 'நேச்சர்' இதழில் வந்தது. பொடித்ததென்னவோ ஜல்லி உடைக்கும் அதே எந்திரத்தில்தான்.

ஜல்லி என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். இன்று இந்தப் பகுதியில் லாரி லாரியாக வெளியேறுவது இரும்போ குரோமைட்டோ இல்லை, சார்னகைட்டும் நைஸும்தான். ஜல்லியாகவும், ஆற்றுமணல் எடுப்பது நெருக்கடிக்குள்ளான பிறகு எம்-சாண்டாகவும். கனிம வள வரைபடத்தில் இதற்குக் குறியீடு போட யாருக்கும் தோன்றுவதில்லை, எங்கும் இருப்பதால். என்னைக் கேட்டால் அந்த வரைபடத்தின் பெரிய ஓட்டை அதுதான். கரடு ஒன்று பத்து ஆண்டில் காணாமல் போய்ப் பச்சைத் தண்ணீர் நிற்கும் பள்ளமாகிவிடுகிறது. வரைபடத்தில் அது இன்னும் நைஸ் என்றே இருக்கும்.

பக்கநாட்டில் கார்பனடைட் என்ற கார்பனேட் மிகுந்த பாறையில் அருமண் தனிமங்களும், அரூர் – ஊத்தங்கரைப் பக்கம் மாலிப்டினமும் இருப்பது முன்பே தெரிந்தவைதான். காற்றாலைக் காந்தமும் மின்கார் மோட்டாரும் வந்தபின் அருமண் தனிமங்களுக்குக் கேட்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். கஞ்சமலைக்கு நாம் போட்ட அதே கணக்கை அங்கேயும் போட வேண்டும்: எத்தனை சதவீதம், எதை அரைத்து, எந்த நீரில் அலசி, கழிவை எங்கே கொட்டி.

புவியியல் ஆய்வு நிறுவனத்தின் 'பூகோஷ்' தளத்தில் 1:50,000 அளவு வரைபடத் தரவுகளைப் பதிவு செய்துகொண்டு இலவசமாகவே எடுக்கலாம். நேரில் பார்க்க நினைப்பவர்கள் சித்தர் கோவில் ஓடையில் தொடங்கலாம்; மழைக்காலம் முடிந்த தை, மாசி நல்ல நேரம். வெள்ளைக்கல் குழிகளுக்குள் அனுமதியில்லாமல் இறங்காதீர்கள். விளிம்பெல்லாம் பொலபொலவென்று சரியும் பாறை.